பெருமாளுக்குக் கொடுக்காத முடி

எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் வருபவரை "எங்கே கிளம்பிட்டீங்க" என்று கேட்கலாம். "இன்னைக்கு என்ன குழம்பு" என்று கேட்கலாம். மகனுக்கு ஏன் இன்னும் பெண் பார்க்கவில்லை என்றுகூடக் கேட்கலாம். ஆபீஸில் என்ன வேலை என்று மட்டும் கேட்கக் கூடாது. ஹைதராபாத் காஞ்சன்பாக்கில், பாதுகாப்புத் துறை வளாகங்களில் வேலை பார்க்கிறவர்களின் குவார்ட்டர்ஸ் இது. காலையில் வாசலில் போனை ஒப்படைத்துவிட்டு உள்ளே போவோம். மாலையில் போனை வாங்கிக்கொண்டு, உள்ளே நடந்ததை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே வருவோம். நானும் என் கணவரும் ஒரே வளாகத்தில் வேறு வேறு கட்டடங்களில் வருஷக்கணக்காக வேலை பார்த்தோம். அவர் போன வருஷம் ஓய்வு பெற்றார். என்ன வேலையிலிருந்து ஓய்வு பெற்றார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் சட்டைக் கைகளில் விழுந்த பொத்தல்களை வைத்து, ஏதோ சூடான சமாச்சாரம் என்று ஊகித்து வைத்திருக்கிறேன்.

நான் தரப் பரிசோதனைப் பிரிவு. வருகிற பொருளை அளந்து பார்த்து, பிசகு இருந்தால் திருப்பி அனுப்புவது என் வேலை. குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் வீட்டில் எப்படி இருப்பாள் என்று என் கணவரைக் கேளுங்கள், சொல்லுவார்.

இப்படிப்பட்ட இடத்தில் பழகியதால், மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்று டாக்டர் சொன்ன அன்று, அதை யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்ய எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. என் சுபாவமும் அப்படித்தான். அடுத்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மிளகு ரசத்தோடு முதலில் போய் நிற்பேன். குடியிருப்பில் பாதிப் பிள்ளைகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தவள் நான்தான். ஆனால் எனக்கு ஒருவர் செய்வது என்றால் உடம்பு கூசும். கேஸ் சிலிண்டரைக்கூட நானே உருட்டிக்கொண்டு வந்து மாட்டுவேன். "கொஞ்சம் பிடிங்க" என்ற இரண்டு சொற்கள் என் வாயில் வந்ததே கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது கணவரிடம் சொன்னேன். "ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. முக்கியமா பிள்ளைக்குத் தெரியக்கூடாது."

பிள்ளை என்றது எங்கள் ஒரே மகளை. கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு இங்கே அழைத்து வருவதாகப் பேச்சு. டாக்டர் முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் வரும் நேரத்தில் நான் கீமோவின் நடுவில் கிடப்பேன். பிள்ளை பெற வருகிறவள் எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நிற்பாள். நினைத்ததும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் ஆட்டோக்காரரைப் பிடித்துக்கொண்டேன். ஏன் இத்தனை பள்ளத்தில் விடுகிறீர்கள் என்று சந்தோஷ்நகர் வரும்வரை அவரோடு சண்டை.

"சரிளா, சொல்லல" என்றார் கணவர். வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

குடியிருப்பில் மூட்டுவலிக்காக நீண்ட லீவு என்று சொல்லிவைத்தேன். முதல் கீமோ நாள் காலையில் நாங்கள் இருவரும் வெளியே வந்தபோது, மாடிவீட்டுக்காரர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்கொண்டா பக்கத்துக்காரர், என் கணவருக்கு ஒரு வருஷம் முன்னால் ஓய்வு பெற்றவர், மனைவிக்கு வளாகத்தில் இன்னும் வேலை இருந்ததால் வீடு நீடித்தது. எங்களோடு இருந்து இருந்து தமிழ் பேசுவார், தெலுங்கு அவருக்கு அங்கங்கே கை கொடுக்கும்.

"எங்கே அம்மா?"

எனக்குப் பொய் தயாராக இருந்தது. "பழைய சிநேகிதி ஒருத்தி. நகரத்துக்கு அந்தக் கோடியில இருக்கா. பாத்துட்டு வரலாம்னு."

"அந்தப் பக்கமே நானும் போறேன் அம்மா. வண்டி நின்னா பேட்டரி டவுன் அயிப்போத்துந்தி. தூரம் ஓட்டணும்."

மறுக்க வழியில்லை. ஆஸ்பத்திரியைத் தாண்டி இருந்த ஏதோ ஒரு அடுக்குமாடியைக் காட்டி இறங்கிக்கொண்டோம். அவர் கார் மறையும்வரை வாட்ச்மேனிடம் வாடகை எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டு நின்றோம். பிறகு வெயிலில் வந்த வழியே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அடுத்த தடவையும் அவர் பேட்டரிக்கு அதே நாள்தான் ஓட்டம் தேவைப்பட்டது. இந்த முறை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டார். முன்னால் யூ-டர்னை மூடிவிட்டார்களாம், இதற்கு மேல் போனால் சுற்றாம். "இங்கேயிருந்து உங்க பிரெண்டு வீடு பக்கமே அம்மா" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். மாலையில் நாங்கள் வெளியே வந்தால் எதிரே இரானி டீக்கடையில் நிற்கிறார். இந்தக் கடை டீ ஊரில் வேறு எங்கும் கிடைக்காதாம். டீக்காக இவ்வளவு தூரம் வரும் மனிதரும் உலகத்தில் உண்டே என்று நான் ஆச்சரியப்பட்டேன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிக்கிறவள், கண் முன்னால் நிற்கிற ஆளைக் கோட்டை விட்டேன்.

அந்த இரண்டாவது கீமோவுக்குப் பிறகு முடி சீப்போடு கொத்துக் கொத்தாக வந்தது. அதற்கும் என்னிடம் யோசனை இருந்தது. திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டால், தெலுங்கரோ தமிழரோ, ஒருத்தரும் மேலே கேட்க மாட்டார்கள். வேண்டுதல் என்ன என்று கேட்பது மரியாதை இல்லை. கணவர் தன்னுடைய டிரிம்மரால் எடுத்துவிட்டார்.  நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார், சளி என்றார்.

மொட்டை போட்டாகிவிட்டது, மலைக்குப் போய் வர வேண்டுமே. எனக்கோ வாசலைத் தாண்டவே தெம்பில்லை. எனவே இரண்டு நாள் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தோம். கதவுக்கு வெளியே பூட்டைப் போட்டுவிட்டுக் கணவர் பின்பக்கப் பால்கனி வழியாக ஏறி உள்ளே வந்தார். தரைத்தளம் என்பதால் தப்பித்தார். விளக்குப் போடவில்லை. குக்கர் விசில் காட்டிக் கொடுத்துவிடும் என்று சோற்றை வடித்தோம். இருட்டிலே உட்கார்ந்து மோர்சோறு சாப்பிடும்போது, "ஏளா, இப்ப நாம மேல்திருப்பதியிலயா, கீழ்திருப்பதியிலயா?" என்று கேட்டார். நோய் வந்த பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். சத்தம் வராமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் கணவர் பால்கனி வழியாக இறங்கிச் சுற்றி வந்து பூட்டைத் திறந்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊரிலிருந்து வந்து இறங்கிய மாதிரி இருவரும் வாசலில் நின்றோம். எதிர்வீட்டுக்காரி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஈரோட்டுப் பக்கத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"தரிசனம் நல்லபடியா ஆச்சுங்களாக்கா?"

"நல்லா ஆச்சும்மா."

"பிரசாதமுங்க?"

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மலைக்குப் போய்விட்டு லட்டு இல்லாமல் வந்தவர்களை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. "பையில அடியில இருக்கு, எடுத்துத் தரேன்" என்றார் கணவர். கடை திறந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடி, பளபளவென்று மஞ்சளாக, முலாம்பழ விதை ஒட்டிய லட்டுகளை வாங்கி வந்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். மாடிவீட்டுக்காரர் "கோவிந்தா" என்றுகூடச் சொன்னார். பெருமாள் பெயரில் பொய் சொல்கிறோமே என்று எனக்கு உறுத்தியது. அவர் இதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் கேட்டவர், பொறுத்துக்கொள்வார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அன்று மத்தியானம் எதிர்வீட்டுக்காரி சந்தனம் அரைத்துக்கொண்டு வந்தாள். "மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசாம உட்டா சூடு ஏறிக்குமுங்க்கா." என்னை உட்காரவைத்து மெதுவாகப் பூசினாள். தலைத்தோல் எரிந்துகொண்டிருந்த எனக்கு அந்தக் குளுமை உயிர்வரை இறங்கியது. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தொண்டைவரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் நாளை அடுப்பைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிடுவாள், அவள் குடும்பத்தை யார் பார்ப்பது?

அவளுடைய வீட்டுக்காரருக்கு அந்தச் சமயத்தில் ஒரு விநோதமான வியாதி இருந்தது. எனக்குக் கீமோ முடிந்த வாரத்தில் மட்டும் அவருக்கு வயிறு கெட்டுவிடும். "அவருக்கு வயிறு செரியில்லீங்க்கா. கஞ்சி வச்சேன், கொஞ்சம் சேத்தி வச்சுப்போட்டேன். நீங்களும் ரெண்டு வாய் குடிங்க" என்று தூக்கு நிறையக் கொண்டுவருவாள். வாய் முழுக்கப் புண்ணாக இருந்த எனக்கு அந்தக் குழைந்த கஞ்சி ஒன்றுதான் இறங்கியது. அவள் உபகாரம் செய்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மிஞ்சியதைக் கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பாவம், அந்த மனிதருக்கு இப்படி அடிக்கடி ஆகிறதே என்று மனம் கேட்காமல், எங்கள் ஊர்க் கைமருந்தாக ஓமத்தைக் கொதிக்கவைத்து, கசக்கக் கசக்க ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினேன். குடித்தாரா என்று நேரில் கூப்பிட்டுக் கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, குடித்தேன் என்றார். போதாது என்று இன்னொரு பாட்டில் கொடுத்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்துவிட்டதாக நினைத்துக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தேன்.

மகளிடம் மறைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வீடியோவில் கூப்பிட்டால் நெட்வொர்க் சரியில்லை என்று குரலோடு நிறுத்திக்கொள்வேன். ஏழாம் மாதம் நெருங்கியது. ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஏட்டி, பிரசவத்தை மதுரையிலயே வச்சுக்கிடுவோமா? உன் மாமியார் நல்லா பாத்துக்கிடுவா."

"கைக்கு?" என்றாள். ஹைதராபாத்தில் வளர்ந்த பிள்ளை. மனசு சரியில்லை என்றால் 'ஏன்' அவளுக்குக் 'கைக்கு' ஆகிவிடும்.

"இங்க குவார்ட்டர்ஸ்ல பைப் மாத்துதாங்க. ஒரே இடிக்கிற சத்தம்."

"டெலிவரி வரைக்கும் இடிப்பாங்களா?"

"கவர்மெண்ட் வேலைட்டி. எப்ப முடியும்னு யாரு கண்டா?"

 "சரிம்மா" என்றாள். என் மகள் பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதற்கும் மறுபேச்சில்லாமல் சரி என்றதில்லை. அதற்குப் பிறகு அவள் கூப்பிடுவது குறைந்தது. கூப்பிட்டாலும் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதோடு வைத்துவிடுவாள். எனக்கு வலித்தது. ஆனாலும் நல்லதுதான், பிள்ளைத்தாச்சிக்கு ஒரு பாரம் குறைந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

நாலாவது கீமோ முடிந்த வாரம். சாயங்காலம் படுத்திருந்தேன். மணி அடித்தது. கஞ்சி வந்துவிட்டது என்று தலையில் துணிகூடக் கட்டாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.

வயிற்றைத் தள்ளிக்கொண்டு என் மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால் பெட்டியோடு மாடிவீட்டுக்காரர். பேட்டரிக்காக ஸ்டேஷன்வரை போய்வந்தாராம். எதிர்வீட்டுக் கதவில் கஞ்சித் தூக்கோடு அவள்.

மகள் என் தலையைப் பார்த்தாள். "என்னம்மா இது?"

"மலைக்குப் போயிருந்தோம்ட்டி. ஒரு வேண்டுதல்." பழக்கதோஷத்தில் தானாக வந்துவிட்டது.

அவள் கிட்டே வந்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். கட்டைவிரலால் என் நெற்றிக்குக் கீழே தடவினாள்.

"புருவத்தையுமா பெருமாளுக்குக் குடுத்தே?"

 புருவம் போனதை நான் மறந்தே போயிருந்தேன். எத்தனையோ வாரமாகப் புருவமில்லாத முகத்தோடு ஊருக்கெல்லாம் வேண்டுதல் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் வாசலோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன நோய் என்று கேட்டாள். சொன்னேன். எப்போதிலிருந்து என்று கேட்டாள். அதையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் அழுதாள்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமாம்மா? நான் வர்றது உனக்குப் பாரமா இருக்குன்னு நெனச்சேன். உனக்கு வயசாயிடுச்சு, என்னையும் குழந்தையையும் வச்சுப் பாத்துக்க முடியல, அதை வாய் விட்டுச் சொல்ல முடியாம பைப்பு, கிய்ப்புன்னு சொல்றேன்னு நெனச்சேன். எதிர்வீட்டு ஆண்ட்டிக்குப் போன் பண்ணி, நான் வந்தா அம்மாவுக்குக் கஷ்டமான்னு கேட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல, நீ கெளம்பி வா கண்ணுன்னு மட்டும் சொன்னாங்க. ரெண்டு நாள் இருந்து பாத்துட்டு, உனக்குப் பாரமா இருந்தா போயிடலாம்னு ரிட்டர்ன் டிக்கெட்டும் போட்டுட்டுத்தான் வந்தேன்."

ரிட்டர்ன் டிக்கெட் என்ற சொல்தான் என்னை அடித்துப்போட்டது. கட்டி என்று டாக்டர் சொன்னபோதுகூட நான் அப்படி அடிபடவில்லை. யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று நான் படாதபாடு பட்டேன். அந்தப் பாடெல்லாம் போய், என் வயிற்றில் பிறந்தவள் தாய்வீட்டுக்கு விருந்தாளி மாதிரி டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவதில் முடிந்திருக்கிறது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் மடியில் மொட்டைத் தலையை வைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து குழந்தை என் காதில் ஒரு உதை விட்டது.

அப்போதுதான் எனக்குள் இருந்த பரிசோதகி கண்விழித்தாள். வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். புற்றுநோய் என்று நான் வாய் விட்டுச் சொன்னதை இருவரும் கேட்டார்கள். ஒருவர்கூடத் திடுக்கிடவில்லை. மாடிவீட்டுக்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி தூக்குச்சட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

தூக்குச்சட்டியின் மூடி இன்னொரு சுற்று திரும்பியது.

"எப்பலேருந்து?"

"மொதல்ல இருந்தே தெரியுமுங்க்கா" என்றாள் எதிர்வீட்டுக்காரி, குற்றவாளி மாதிரி. "நீங்க சொல்லல. சொல்லாத வரைக்கும் நாம கேக்கறது மொறையில்லீங்களே."

பால் பாக்கெட்டோடு என் கணவர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. அப்படியே திரும்பிப் போகலாமா என்று அவர் யோசித்தது எனக்குத் தெரிந்தது.

"நாட்டு ரகசியத்தை இத்தனை வருஷம் காத்தீங்க. பொண்டாட்டி ரகசியத்தை ஒரு வாரம் காக்க முடியலையா?"

"ஒரு வாரமா? மறுநாளே பால் பூத்துல போயிட்டுதுளா" என்றார். "சொல்லணும்னு நெனைக்கல. இவரு எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு. வழக்கமா கேக்கறதுதான். நான் பால் பாக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன்." பாக்கெட்டை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். "உன்னையப் பாத்துக்கிடறது எனக்குப் பாரமில்லளா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னியே, அதைத்தான் ஒத்தையில தூக்க முடியல."

அவர் சளி என்று சொன்னது என் நினைவுக்கு வந்தது. எனக்கு வந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தூங்காமல், சொல்லாமல், சிநேகிதி வீட்டுக்கு விருந்து போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு என்னோடு வந்து போன மனிதர். அவர் மீது எனக்குப் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. அதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல், பாலை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி அதட்டினேன்.

அதற்குள் எதிர்வீட்டிலிருந்து அவளுடைய வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"அக்கா, தெரிஞ்சுபோச்சுங்களா?" என்றார் மெதுவாக. "அப்ப இனிமேல் ஓமத்தண்ணி வேண்டாமுங்களே?"

யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. நான்தான் கடைசியில் நிறுத்தியவள். சிரிக்கச் சிரிக்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நாங்கள் 'மலையில்' இருந்த இரண்டு நாளும் வீட்டுக்குள்தான் இருந்தோம் என்பது, கணவர் பால்கனிச் சுவர் ஏறிக் குதித்ததிலிருந்தே மாடிக்குத் தெரிந்திருக்கிறது. நான் தூங்க வேண்டுமே என்று அவர்கள் வீட்டில் மிக்சிகூடப் போடவில்லையாம். லட்டு, சந்தோஷ்நகர் கடை லட்டு என்று வாயில் போட்டதுமே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. "பின்னே ஏன் கோவிந்தா சொன்னீங்க?" என்று மாடிவீட்டுக்காரரைக் கேட்டேன். "உங்க கோசமே சொன்னேன் அம்மா" என்றார். எனக்காகத்தான் பெருமாளைக் கூப்பிட்டாராம்.

மகள் அன்றே டிக்கெட்டை ரத்து செய்தாள்.

வளைகாப்பு எங்கள் கூடத்திலேயே நடந்தது. மதுரைச் சம்பந்தியம்மாள் முதல் நாளே வந்துவிட்டார். என்னைக் கட்டிக்கொண்டு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனார். அங்கே எத்தனை வகைச் சோறு கிண்டுவது என்று ஈரோட்டுக்கும் மதுரைக்கும் வாக்குவாதம். ஐந்து என்கிறாள் ஒருத்தி, ஏழு என்கிறார் மற்றவர். மாடிவீட்டம்மாள் புளிஹோரா இல்லாமல் ஒரு சுபகாரியமா என்று தெலுங்கில் நுழைந்தார். நான் சோபாவில் மகாராணி மாதிரி சாய்ந்துகொண்டு எல்லாருடைய சமையலிலும் குற்றம் கண்டுபிடித்தேன். உப்புக் குறைவு என்று இரண்டைத் திருப்பி அனுப்பினேன். என் நாக்குக்கு அப்போது உப்பும் தெரியாது, புளிப்பும் தெரியாது என்பது அவர்களுக்கும் தெரியும். இன்னொரு சிட்டிகை போட்டுக் கொண்டுவந்து காட்டினார்கள்.

வளையல்கள் லாட் பஜாரிலிருந்து வந்திருந்தன. மகளுக்கு இரண்டு கையிலும் அடுக்கிய பிறகு, எனக்கும் போட வேண்டும் என்று பெண்கள் வந்தார்கள். ஊசி குத்திக் குத்தி என் கை வீங்கியிருந்தது. எதிர்வீட்டுக்காரி பெரிய அளவு வளையலாகத் தனியாக எடுத்துவைத்திருந்தாள். என் அளவு இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். சந்தனம் பூசிய அன்று என் கையைப் பிடித்து உட்காரவைத்தாளே, அப்போது பார்த்திருப்பாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எழுந்திருக்க முடியாதவர்கள் இரண்டு பேர் ஆனார்கள். மத்தியானம் தரையில் மெத்தை போட்டு நானும் மகளும் படுப்போம். அவளை வயிறு எழவிடாது, என்னைக் கால் எழவிடாது. இருவரும் சேர்ந்து கணவரைக் கூப்பிடுவோம். "யாரை முதல்ல தூக்க?" என்பார். "நக்கோப்பா, எனக்கு வேண்டாம், அம்மாவை முதல்ல" என்பாள் அவள். "வாயும் வயிறுமா இருக்கிறவளைத் தூக்குங்க" என்பேன் நான். எங்கள் சண்டை முடியட்டும் என்று அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நோயாளியாக இருந்து நான் இவ்வளவு சிரித்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கடைசிக் கீமோவுக்கு அடுத்த வாரம் பேத்தி பிறந்தாள். என்னைப் போலவே மொட்டை, என்னைப் போலவே புருவம் இல்லை. "ஜெராக்ஸ்" என்றார் மாடிவீட்டுக்காரர். கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அடுத்த மாதம் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. வலது கையால் இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

எனக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. குழந்தையை நீட்டிய கால்களின் மேல் போட்டு வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டும். தாய்வீடு என்றால் எனக்கு அதுதான். என் மகளை என் அம்மா அப்படித்தான் குளிப்பாட்டினாள். இங்கே இத்தனை நாளும் சம்பந்தியம்மாள் செய்தார், அவர் ஊருக்குப் போன மறுநாள் நான் மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மகள் குழந்தையை என் கால்மேல் கிடத்திவிட்டு, துண்டு எடுக்க உள்ளே போனாள். இடது கையால் குழந்தையைப் பிடித்தால் தண்ணீர் மொள்ள முடியவில்லை. தண்ணீர் மொண்டால் பிடிக்கக் கையில்லை. வலது கையைத் தூக்கிப் பார்த்தேன், கம்பி இழுத்த மாதிரி பாதியில் நின்றது. குழந்தை வழுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

வாசல் கதவு திறந்துதான் இருந்தது. எதிர்வீட்டுக் கதவும் திறந்திருந்தது.

"ஏம்மா" என்று கூப்பிட்டேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கொஞ்சம் பிடிக்க வாயேன்."

அவள் வந்தாள். இட்லி மாவு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். மாவு மிஞ்சிவிட்டது என்றோ, இந்தப் பக்கம் வேலையாக வந்தேன் என்றோ, வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லை என்றோ ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தையின் தலைக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தாள். நான் இடது கையால் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அவள் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

நாங்கள் இருவரும் அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கையில் குழந்தை காலை உதைத்துக்கொண்டு, நிம்மதியாக, இருவர் சேலையிலும் மூத்திரம் போனாள்.